மேல் என்று எழுதிய தகரச் சீட்டு

செபாஸ்டியன் அண்ணனிடம் இடது, வலது என்ற பேச்சே கிடையாது. இருபது வருஷம் நில அளவை இலாகாவில் சங்கிலி பிடித்தவர். மனுஷன் திரும்பி நின்றால் இடது வலதாகிவிடும், திசை அப்படி ஆளுக்கு ஆள் மாறாது என்பார். "உன் கீழ்ப்பக்கம் இருக்கிற குவளைய எடு தம்பி" என்று கேட்டால், சூரியன் எந்த ஜன்னல் வழியாக வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நான் கையை நீட்ட வேண்டும். ஒரு தடவை ஜார்ஜ் டவுன் சூலியா தெருவில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தார். மேற்கே இருந்த காதோரம் முடி கொஞ்சம் அதிகம் என்று அவருக்குப் பட்டது. மேல் பக்கம் இன்னும் குறைக்கச் சொல்லியிருக்கிறார். நாவிதர் உச்சந்தலையை ஒட்ட வெட்டிவிட்டார். மூன்று வாரம் தொப்பியோடு திரிந்தார் மனுஷன். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம், எல்லாரையும் விட நான் அதிகமாகச் சிரித்தேன். அந்த நாவிதர் செய்த தப்பையே பின்னால் நானும் செய்தேன். அவர் வெட்டியது மூன்று வாரத்தில் வளர்ந்துவிட்டது.

என் பெயர் ராமதாஸ். தட்டச்சுக்காரன். முப்பதுகளின் நடுவில் சிங்கப்பூரிலிருந்து ஒரு துரை வந்து, பட்டர்வொர்த்துக்கு வடக்கே, பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாத ஒரு கம்போங்கில், மலாய்க் கிராமத்தில், சிப்பி மேடு ஒன்றைத் தோண்ட ஆரம்பித்தார். எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்தக் கடலோரத்தில் இருந்தவர்கள் தின்றுவிட்டுப் போட்ட சிப்பி அது. போட்டுப் போட்டு மேடாகி, செத்தவர்களையும் அதிலேயே புதைத்திருக்கிறார்கள். தோண்டி எடுத்ததையெல்லாம் சூலியா தெருவில் ஒரு கிடங்கின் மாடியில் வைத்தோம். ஒவ்வொன்றிலும் கட்டிய சீட்டைப் படித்து, எது எங்கே கிடைத்தது என்று இங்கிலீஷில் பதிவேடு தட்டுவது என் வேலை. மேட்டில் செபாஸ்டியன் அண்ணன் மேஸ்திரி. பத்து ஆட்கள் தோண்டுவார்கள், இவர் அளப்பார், சீட்டுக் கட்டுவார்.

ஆனால் அவருடைய முக்கியமான வேலை மழையோடுதான். வெயில் நாளில் எந்த மடையனும் தோண்டலாம். அந்தப் பக்கத்தில் மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. வடக்கே ஜெராய் மலை தலையில் முக்காடு போட்டால் சாயங்காலம் மழை. அது நல்ல மழை, போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் போதும். மேற்கே கடலுக்கு மேல் வில்லாக வளைந்து ஒரு கறுப்பு எழுந்தால் அது வேறு சங்கதி. அதுதான் மேல்காற்று. சுமத்திராவிலிருந்து கிளம்பி விடிகிற நேரத்தில் வந்து விழும். அரை மணி நேரம்தான், அதற்குள் அத்தாப்பு ஓலைக் கூரையைத் தூக்கித் தென்னை மரத்தில் மாட்டிவிட்டுப் போய்விடும்.

அவர் குழியைச் சுற்றி நாலு பக்கமும் வாய்க்கால் வெட்டுவார். கூரையை நாலு கழியில் நிறுத்தி, மேற்குப் பக்கம் மட்டும் மூங்கில் தட்டி கட்டி, அதன் காலில் மண் மூட்டை அடுக்குவார். மண்ணெண்ணெய் டின்களை வாய் வெட்டி வரிசையாகக் கவிழ்த்து வைத்திருப்பார், தண்ணீர் இறைக்க. நனைந்த எலும்பு தேநீரில் ஊறிய ரொட்டி மாதிரி, தொட்டால் கையோடு வரும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். அதனால் நிழலில், ஈரச் சாக்குக்கு அடியில், கொஞ்சம் கொஞ்சமாக உலர்த்துவார். துரை கொடுத்த காகிதச் சீட்டும் மையும் முதல் மழையிலேயே நீல நீலமாக ஒழுகிவிட்டன. அதற்கப்புறம் டின்னைச் சிறு சிறு துண்டாக வெட்டி, ஆணியால் தமிழில் கீறிக் கட்ட ஆரம்பித்தார். "மை மழைக்கு பயப்படும் தம்பி, ஆணி பயப்படாது லா" என்பார். துண்டு சின்னது, எழுத்து பெரிசு. ஆகவே சொற்களைச் சிக்கனமாகப் போடுவார். அந்தச் சிக்கனத்தில்தான் வினை இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். படகேறி ஜார்ஜ் டவுனுக்கு வந்தால் கடைத்தெரு, சாப்பாடு, பெண்டாட்டி பிள்ளைகள். செபாஸ்டியன் அண்ணன் வரமாட்டார். மழை வந்தால் குழியைப் பார்க்க ஆள் வேண்டும் என்பார். அது உண்மைதான். ஆனால் காத்திருக்க ஒருவரும் இல்லாத அறைக்கு எதற்குப் போவது என்பதும் உண்மை. மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பூசைக்கு வருவார். பூசை முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு அடுத்த படகிலேயே திரும்பிவிடுவார். மற்ற ஞாயிறுகளில் அந்த மேட்டில், மழைக்குள், அத்தாப்புக் குடிசையில் தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார். பக்கத்துத் தோப்பில் இருந்த காமாரியா என்ற மலாய்க்கார அம்மாள்தான் எப்போதாவது கோப்பி கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர் குழிக்குள் குனிந்து எலும்புகளோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன் என்று அவள் ஒரு தடவை என்னிடம் பயந்துபோய்ச் சொன்னாள். என்ன பேசினார் என்று கேட்டேன். மழை நின்றுவிடும், பயப்படாதே என்று சொன்னாராம்.

தோண்ட ஆரம்பித்த இரண்டாம் வருஷம் அக்டோபரில், குழியின் அடியில், ஆள் உயரத்துக்குக் கீழே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு வந்தது. ஒருக்களித்துப் படுத்திருந்தாள். துரைக்கு அப்போது மலேரியாக் காய்ச்சல், ஜார்ஜ் டவுனில் படுக்கையில் இருந்தார். செபாஸ்டியன் அண்ணன் அவளைத் துணியும் சுண்ணமும் வைத்துக் கட்டி, தூக்குவதற்குத் தயாராக வைத்தார். மறுநாள் அவளுக்குப் பக்கத்தில் ஒரு முழம் தள்ளி இன்னொன்று தெரிந்தது. பிறந்து சில நாள் ஆன குழந்தை. மண்டை ஓடு ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு.

அதற்கு அடுத்த நாள் விடிகாலையில் மேல்காற்று வந்தது. கடலைப் பார்த்தவர் கூச்சல் போட்டு ஆட்களை எழுப்பியிருக்கிறார். தட்டி முதலில் போயிற்று, பிறகு கூரை. குழந்தை மேற்குச் சுவரை ஒட்டி இருந்ததால் சுவர் விளிம்பிலிருந்து தண்ணீர் நேராக அதன்மேல் கொட்டியது. அவர் தார்ப்பாயை முதுகில் கட்டிக்கொண்டு, குழந்தைக்கு மேலே கூரையாகக் கவிழ்ந்து, கால் மணி நேரம் அப்படியே கிடந்தாராம். பிறகு மண்ணோடு சேர்த்து ஒரு கட்டியாக அதை வெட்டித் தூக்கினார். நாலு பேர் சேர்ந்து பெண்ணையும் மேலேற்றினார்கள். ஏற்றி முடித்த கையோடு குழிக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த மழையிலேயே ஆணியைப் பிடித்துச் சீட்டுக் கீறிக் கட்டினார். அன்று சாயங்காலமே அவருக்குக் காய்ச்சல் கண்டு, பட்டர்வொர்த் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தார்.

இந்தப் பத்து நாளில் எலும்புகள் என் மேசைக்கு வந்தன. குழந்தையின் தகரச் சீட்டில் இவ்வளவுதான்: "பிள்ளை. பெண்ணுக்கு மேல்."

மேல் என்றால் மேலே. எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. பெண் கீழ் அடுக்கு, குழந்தை மேல் அடுக்கு என்று தட்டினேன். மேல் அடுக்கு என்றால் பல நூறு வருஷம் பிந்தியது. அந்தப் பெண் யாரோ, அந்தக் குழந்தை யாருடையதோ. நான் பிறந்த ஊரில் எங்கள் வீடு மேலத்தெருவில் இருந்தது. தெரு வானத்தில் இல்லை, மேற்கே இருந்தது. மேல்காற்று மேற்கிலிருந்து வரும் காற்று என்பதும், அண்ணனுக்கு மேல் என்றால் எப்போதுமே மேற்கு என்பதும் எனக்குத் தெரியும். நாவிதர் கதையைத் தெருத் தெருவாகச் சொல்லிச் சிரித்தவனே நான்தான். இவ்வளவு தெரிந்தவன் ஒரு நிமிஷம் நிறுத்தி யோசித்திருக்க வேண்டாமா? ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போயிருந்தால் அவரையே கேட்டிருக்கலாம். பதிவேடு அவசரம் என்று போகவில்லை. அந்தப் பத்து நாளில் அவரைப் பார்க்க வேறு யாரும் போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் வேலைக்குத் திரும்பியது ஒரு திங்கட்கிழமை. கன்னம் ஒட்டியிருந்தது. மாடிக்கு வந்தவர் நேராக அந்த இரண்டு கட்டுகள் இருந்த மூலைக்குப் போனார். தச்சர் பெண்ணுக்கு மட்டும் பெட்டி செய்துகொண்டிருந்தார். கீழ் அடுக்கு எலும்புகளைச் சிங்கப்பூரில் ஒரு மருத்துவர் ஆராயப் போகிறார், வியாழக்கிழமைக் கப்பலில் போகின்றன, மேல் அடுக்குச் சாமான்கள் இங்கேயே இருக்கும் என்று சொன்னேன்.

"அப்ப பிள்ள?" என்றார்.

"பிள்ள மேல் அடுக்குதானே அண்ணே. நீங்கதானே மேல்னு எழுதியிருந்தீங்க."

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. கணக்கு எங்கே தப்பியது என்று தேடுகிற மாதிரி பார்த்தார்.

"மேல்னா மேக்கால தம்பி," என்றார்.

இரண்டும் ஒரே மட்டம், ஒரே மண், குழந்தையை மேற்கே பக்கத்தில் வைத்தே புதைத்திருக்கிறார்கள், தாயும் பிள்ளையும்தான் என்று மெதுவாக விளக்கினார். வேறு ஊருக்கு அவளைத் தனியாக அனுப்பக் கூடாது, ஒரே பெட்டியில்தான் போக வேண்டும் என்றார். அவர் ஒன்று வேண்டும் என்று கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

துரையிடம் போனோம். என் தப்பையும் சொன்னேன், சொல்லும்போது கொஞ்சம் மெழுகித்தான் சொன்னேன். துரை கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். பதிவேடு சிங்கப்பூருக்குத் தபாலில் போய்விட்டது, காய்ச்சலில் இருந்தவரின் ஞாபகத்தை மட்டும் நம்பி மாற்ற முடியாது என்றார். குழந்தையை மண்ணோடு வெட்டி எடுத்தார் அல்லவா, அந்த இடத்தில் சட்டி மாதிரி ஒரு குழிவு இருக்கும், அது பெண் கிடந்த அதே மட்டத்தில் இருப்பதைக் காட்டினால் போதும் என்றார். புதன்கிழமை நாலு மணிக்குத் தானே வருவதாகச் சொன்னார். வேறு யாராவது ஒருவர் கண்ணால் பார்த்திருந்தாலும் சரி, அதை எழுதிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையை நான் அப்போது கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் படகில் போனோம். மழைக்காலம் என்று ஆட்களை நிறுத்தியிருந்தார்கள், அன்று கூட இருந்தவர்களும் வேலை தேடி எங்கெங்கோ போய்விட்டார்கள். நானும் அவரும்தான். குழி குளமாகியிருந்தது, அதில் தவளைகள் குடித்தனம் நடத்தின. அவர் கீழே இறங்கி டின்னில் மொண்டு கொடுக்க, நான் மேலே நின்று கயிற்றில் இழுத்து ஊற்றினேன். விரலால் தட்டச்சு மட்டும் செய்பவனுக்கு அந்த வேலை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மத்தியானத்துக்குள் என் உள்ளங்கை உரிந்துவிட்டது. காமாரியா வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மூன்றாவது டின்னை எடுத்துக்கொண்டாள்.

நாலு மணிக்குத் தூறல் பிடித்தது. குடிசைக்குள் ஒரு பலகையில் உட்கார்ந்தோம். காமாரியா வீட்டுக்குப் போயிருந்தாள். அப்போதுதான் டோரதியைப் பற்றிச் சொன்னார். இரண்டு வருஷமாகக் கூட வேலை பார்த்திருக்கிறேன், அவருக்குப் பெண்டாட்டி இருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது. கேட்டதில்லை என்பதுதான் சரி.

டோரதி முதல் பிரசவத்தில் செத்துப்போனாள். குழந்தை அரை மணி நேரம் மூச்சோடு இருந்தது. ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம், அது அவர்கள் வேதத்தில் செல்லும். அவருக்கு அது தெரியும். ஆனால் டோரதியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு அது தோன்றவே இல்லை. நினைவு வந்து திரும்பும்போது குழந்தையும் போய்விட்டது. மருத்துவச்சி நல்ல மனுஷி. நான் ஊற்றினேன் என்று சாமியாரிடம் சொல்லிவிடுகிறேன், நீ பேசாமல் இரு என்றாளாம். சாமியார் அவளைக் கேட்கவில்லை, இவரைக் கேட்டார்.

"நான் இல்லன்னுட்டேன்," என்றார் செபாஸ்டியன் அண்ணன்.

ஞானஸ்நானம் இல்லாத குழந்தையை மந்திரித்த மண்ணில் புதைக்க மாட்டார்கள். டோரதியை வேலிக்கு உள்ளே வைத்தார்கள். குழந்தையை வேலிக்கு வெளியே, மேற்கே, சிலுவை இல்லாமல், பெயர் இல்லாமல் புதைத்தார்கள். நடுவில் பத்தடி இருக்கும்.

"ஒரு சொல்லுதான் தம்பி. ஊத்துனாங்கன்னு ஒரு சொல்லு. சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஒரு குழியில கிடப்பாங்க. நான் அளவு வேலைக்காரன். அளக்காதத அளந்தேன்னு சொல்லிப் பழக்கமில்ல. அன்னிக்கு மட்டும் சொல்லியிருக்கலாம்."

மழை நின்றுவிட்டது என்று சொன்னேன். அவரும் ஆமாம் என்று எழுந்து டின்னை எடுத்தார்.

புதன்கிழமை விடிந்ததிலிருந்து இறைத்தோம். வானம் மூடியே இருந்தது. கடல் பக்கம் அவர் அடிக்கடி பார்த்துக்கொண்டார். மேல்காற்று காலையில்தான் வரும், மத்தியானம் தாண்டிவிட்டால் பயமில்லை என்று எனக்குச் சொன்னார், தனக்கும் சொல்லிக்கொண்டார். மூன்று மணிக்குத் தண்ணீர் அவர் முழங்காலுக்கு இறங்கியது. மூன்றரைக்கு அவர் மேற்குச் சுவரின் அடியில் குனிந்து, கலங்கல் தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். அப்படியே அசையாமல் நின்றார்.

"இருக்கு தம்பி," என்றார். "கை போகுது. சட்டி மாதிரி இருக்கு. எறங்கி வா, தொட்டுப் பாரு."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. ஏணியில் காலை வைத்தேன். காமாரியா மேலே நின்று ஏதோ கத்தினாள். திரும்பிப் பார்த்தால் கடலுக்கு மேல் அந்தக் கறுப்பு வில் பாதி வானம் வந்துவிட்டது. அது காலையில் வரும் காற்று என்று யார் அதற்குச் சொன்னார்கள்? நான் ஏணியின் இரண்டாவது படியில் நின்றேன். இறங்குவதா ஏறுவதா என்று நின்றேன். அவர் என்னைப் பார்த்து வா என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான், கூரை பிய்ந்துகொண்டு போனது. வாய்க்கால் நிரம்பி வழிந்து, ஏற்கெனவே ஊறிப்போயிருந்த மேற்குச் சுவர் சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. சிப்பியும் மண்ணுமாக அவர் இடுப்புவரை மூடிவிட்டது. நானும் காமாரியாவும் கையிலும் சட்டையிலும் பிடித்து இழுத்து அவரை வெளியே போட்டோம். அவருடைய வலது கை, அவர் மொழியில் மேல்கை, குழிவில் வைத்திருந்த அதே வடிவத்தில் மடங்கியிருந்தது.

துரை நாலரைக்கு வந்தார். மழை விட்டிருந்தது. குழி இருந்த இடத்தில் ஒரு சேற்றுப் பள்ளம். அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். செபாஸ்டியன் அண்ணன் சேறு வழிய எழுந்து நின்று, குழிவு இருந்தது, தொட்டேன், அதே மட்டம் என்று மலாயும் இங்கிலீஷும் கலந்து சொன்னார். துரை தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, நீ பார்த்தாயா என்று கேட்டார்.

இங்கிலீஷில் யாராவது கேள்வி கேட்டால் சரியான விடையைச் சொல்வதற்கென்றே என்னைப் பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள். நான் பார்க்கவில்லை என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. முதல் நாள்தான் அவர் அந்தப் பலகையில் உட்கார்ந்து, ஒரு சொல் சொல்லியிருக்கலாம் என்றார். அதே சொல்லை இப்போது என் வாயில் வைத்துக் கேட்டார்கள், நான் துப்பிவிட்டேன். அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. அவர் தொட்டது உண்மை. இரண்டு படி இறங்கியிருந்தால் நானும் தொட்டிருப்பேன். பார்த்தேன் என்ற ஒரு வார்த்தையில் யாருக்கு என்ன குடி முழுகிப் போயிருக்கும்? வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். வீட்டில் சொன்னேன், அலுவலகத்தில் சொன்னேன், ஒன்றுக்கும் வெட்கப்படவில்லை. இந்த ஒரு உண்மைக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

துரை நோட்டில் ஏதோ எழுதினார். இடம் உறுதியில்லை என்று எங்களிடம் இருந்த பதிவேட்டு நகலில் பென்சிலால் குறிக்கச் சொன்னார், அதற்கு மேல் தன்னால் ஆகாது என்றார். திரும்பி வரும் படகில் செபாஸ்டியன் அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீ பாக்கலதானே," என்றார், என் பக்கம் திரும்பாமல். "சரியாத்தான் சொன்ன."

அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வியாழக்கிழமை காலையில் பெட்டியை ஆணி அடிப்பதற்கு முன்னால் அவர் இரண்டு தகரத் துண்டுகளோடு வந்தார். இந்த முறை துண்டு பெரிசாக வெட்டியிருந்தார். ஒன்றைப் பெண்ணின் பெட்டிக்குள் வைத்தார். அதில் "மேற்கே பிள்ளை" என்று கீறியிருந்தது. மற்றதைக் குழந்தையின் கட்டில் கட்டினார். அதில் "கிழக்கே அம்மா". மேல், கீழ் என்று அவர் சுருக்கி எழுதியதை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பெட்டி கைவண்டியில் துறைமுகத்துக்குப் போனபோது ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் அந்தத் தகரத்தை யார் படித்திருக்கப் போகிறார்கள்? குப்பை என்று எறிந்திருப்பார்கள்.

தோண்டும் வேலை அந்த மழையோடு நின்றது. துரை ஊருக்குப் போனார், நான் வேறு அலுவலகத்துக்குப் போனேன். செபாஸ்டியன் அண்ணனை மாடியில் இருந்த சாமான்களுக்குக் காவலாக வைத்தார்கள். வாரத்தில் ஆறு நாள் அங்கே தனியாக உட்கார்ந்திருப்பார். நான் எப்போதாவது போவேன், அடிக்கடி போகவில்லை. அவரைப் பார்த்தால் என்னையே பார்க்க வேண்டியிருந்தது. மழை நாளில் போனால் அவர் ஓட்டுக்கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, குழந்தை இருந்த அலமாரியை ஒழுகாத இடத்துக்கு நகர்த்திக்கொண்டிருப்பார். பெரிய சுமை ஒன்றுமில்லை, ஒரு சின்னக் கட்டு. வெளியில் தெருவே நடமாட்டமும் கூச்சலுமாக இருக்கும். உள்ளே அவரும் அந்தச் சிரட்டை மண்டையும்தான்.

ஜப்பான்காரன் வருவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால், நவம்பர் மாதத்தில், மார்ச்சளியில் செத்துப்போனார். அடக்கத்துக்குச் சாமியாரோடு சேர்த்து ஆறு பேர் வந்திருந்தோம். டோரதிக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. காமாரியா எப்படியோ கேள்விப்பட்டு அக்கரையிலிருந்து படகேறி வந்திருந்தாள். மற்றவர்களின் பூசையில் நிற்கக் கூடாது என்று வேலிக்கு வெளியே, மேற்குப் பக்கம் ஒரு மரத்தடியில் குடையோடு நின்றாள்.

மண் போட்டு முடித்து எல்லாரும் கலைந்த பிறகு அவள் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். வேலியைச் சுற்றிக்கொண்டு போனேன். மரத்தின் வேருக்குப் பக்கத்தில், புல் செதுக்கிய சிறு இடத்தில், ஒரு தகரத் துண்டு குச்சியில் நின்றது. ஓரம் துருப்பிடித்திருந்தது. மழையில் மண் தெறித்து மூடியிருந்ததை அவள் தோள்துணியால் துடைத்திருந்தாள். உங்கள் எழுத்தில் என்னவோ இருக்கிறது, என்ன என்று கேட்டாள்.

நான் குனிந்து படித்தேன். கிழக்கே அம்மா.

இந்தப் பிள்ளையுடைய அம்மா கிழக்குப் பக்கம் இருக்கிறாள் என்று அவளுக்கு மலாயில் சொன்னேன். அவள் வேலிக்கு அந்தப் பக்கம், புதிதாக மூடிய மண்ணையும் அதற்குப் பக்கத்தில் இருந்த பழைய சிலுவையையும் பார்த்துத் தலையாட்டினாள். இந்த முறை நான் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன்.